சாத்தின கதவுக்கு இரண்டு அணி

ஆக்லாந்தின் ஜூலை மாதக் குளிரில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் யாழினியின் வாயில் லாலி இருந்தது. இந்த ஊரில் மிட்டாய்க்கு லாலி என்று பேர். அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் இனிப்புக் கொடுக்கக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் நாங்கள்தான் கையைத் தூக்கியிருந்தோம். அதனால் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். யாருக்கும் இல்லையாம். சத்தமில்லாமல் ஒளிந்திருந்ததற்காக மிஸ் கொடுத்தாராம். நிலநடுக்க ஒத்திகையாக இருக்கும் என்று நினைத்தேன், அதுதான் இங்கே வழக்கம். "நோ மம்மி, லாக்டவுன். பேட் பெர்சன் வந்தா டோர் லாக் பண்ணி, லைட் ஆஃப் பண்ணி, கீழ உக்காரணும். நான் தும்மவே இல்ல தெரியுமா" என்றாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது. அதைக் கேட்கிற தெம்புகூட எனக்கு அப்போது இல்லை. தும்மலை அடக்கினதுக்கு என் பிள்ளைக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், அவளும் அதைப் பெருமையாகச் சப்பிக்கொண்டு நிற்கிறாள்.

திண்டுக்கல்லில் நான் வளர்ந்தபோது எனக்குத் தெரிந்த துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். கடைவீதியில் இருந்த வங்கியின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் மடியில் கிடந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகள் எங்களுக்குள் ஓயாத சண்டை. அவர் மத்தியானத்தில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போவார், அந்தப் பக்கம் போகிறவர்கள் அதன்மேல் குடையை மாட்டிவிட்டுப் போவார்கள். பயம் என்பது எங்களுக்குத் துப்பாக்கியால் வந்ததில்லை, கதவால் வந்தது. எங்கள் வீட்டில் உடை மாற்றும்போது தவிர யாரும் கதவைச் சாத்தக் கூடாது. என் அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஒரு நாள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சாயங்காலம் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். திருகாணி இருந்த ஓட்டைகள் அந்தக் கதவில் இன்னும் இருக்கின்றன. "உள்ள என்ன வேலை? வயசுப் பையன் எதுக்குக் கதவச் சாத்தணும்?" என்று அம்மாவும் அப்பா பக்கம்தான் பேசினாள். வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பித்தான் இந்த நாட்டுக்கு விமானம் ஏறினேன்.

யாழினி லாலியோடு வந்த அதே வாரம், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குளிர்கால விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்பு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. கடல் கடந்து எங்கோ ஒரு பள்ளியில் ஒரு பையன் துப்பாக்கியோடு புகுந்த செய்தி அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளின் படங்களை இன்னும் காட்டி முடிக்கவில்லை, அதற்குள் எங்கள் ஆட்கள் தலைப்பு வைத்துவிட்டார்கள்: 'இளைஞர்கள் துப்பாக்கி தூக்கப் பெரிதும் காரணம் வீட்டு வளர்ப்பே! வெளியுலகத் தாக்கமே!' இரண்டுக்கும் ஆச்சரியக்குறி. அடியிலேயே மதிய உணவு விவரம்: இடியாப்பம், சொதி, கேசரி.

செயலாளர் பாஸ்கரனைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர். "என்ன சார் இது, செத்த வீட்டு வாசல்ல கச்சேரி வைக்கிற மாதிரி இருக்கே" என்றேன். "கரண்ட் டாபிக் மேடம். போன வருஷம் 'மாமியாரா மருமகளா'ன்னு வச்சோம், சின்னப் பசங்க யாரும் வரல. இது அவங்க பிரச்சினை. வருவாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேசாமல் இருப்பதைவிடப் பேசுவது மேல்தான். அப்படியென்றால் மூன்றாவது ஓர் அணி வையுங்கள் என்றேன். துப்பாக்கி கையில் கிடைப்பதுதான் காரணம் என்று அந்த அணி பேசட்டும். தனிமை எல்லா நாட்டிலும் இருக்கிறது, அவமானம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, ஃபோன் இல்லாத பிள்ளை உலகத்திலேயே இல்லை. அந்தக் கோபக்காரப் பையன் கையில் கல் இருந்தால் ஜன்னல்தான் உடையும். இந்த நாட்டிலேயே தெற்குத் தீவில் மசூதிகளுக்குள் அப்படியொரு துக்கம் நடந்தபோது, அந்தப் பாவியின் அம்மா எப்படி வளர்த்தாள் என்று யாரும் மேடை போடவில்லை. சட்டத்தை மாற்றினார்கள், துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பாஸ்கரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மேடம், ஆனா பட்டிமன்றம்னா ரெண்டு அணிதானே" என்றார். அப்புறம், நான் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, "உங்களுக்கு மேடையில ஒரு முக்கியமான பொறுப்புக் குடுக்கிறேன்" என்றார். மணி அடிக்கிற பொறுப்பு. வீட்டு வளர்ப்பைப் பற்றிப் பேச மேடையில் ஆறு ஆண்கள், அவர்கள் நேரத்தைத் தாண்டினால் மணி அடிக்க ஒரு பெண்.

இங்கே சிவகௌரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். விடிவதற்கு முன்னால் ஊருக்குத் தெற்கே தோட்டங்கள் இருக்கிற புக்கெகோஹிக்குப் போய், காய்கறிக் கிடங்கில் வெங்காயமும் கேரட்டும் பொதி செய்கிற வேலை. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகன் துஷ்யந்தன், பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம், துஷி என்று கூப்பிடுவோம். அப்பா போனதிலிருந்து அவனுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. கறுப்பு நிறத்தில் ஒரு ஹூடி, வெயிலோ மழையோ அதுதான். அந்த வாடகை வீடு ஆக்லாந்தின் பழைய மரவீடுகளைப் போலத்தான், ஜன்னல் ஓரமெல்லாம் ஈரம், சுவரில் கறுப்புப் பூஞ்சை. இருப்பது ஒரு ஹீட்டர். அதைப் படிக்கிற பிள்ளையின் அறையில் வைத்துவிட்டு, அக்கா இரண்டு கம்பளி போர்த்திக்கொள்வார். கதவைச் சாத்தினால்தான் சூடு நிற்கும், திறந்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதனால் குளிர்காலம் முழுக்கத் துஷியின் கதவு சாத்தியே இருக்கும். எனக்கே முதலில் அது உறுத்தியது. பிறகு எங்கள் வீட்டிலும் யாழினியின் அறைக்கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டோம்.

சங்கத்துக்கு இடியாப்பம் அக்கா கையால்தான். ஆர்டர் கொடுக்கவென்று எங்கள் நட்சத்திரப் பேச்சாளர் தேவராஜன் சார் விழாவுக்கு முந்தின வாரம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். தேவராஜன் சார் ஊரின் வடக்குப் பக்கம், ஆல்பனியில், பெரிய கணினி வேலையில் இருப்பவர். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். குரல் நன்றாக இருக்கும், சிரிக்கவைப்பார், அழவைப்பார். அவர் போன நேரத்தில் துஷியின் கதவு சாத்தியிருந்திருக்கிறது. பெரியவர் வந்திருக்கிறார், பையன் வெளியே வந்து வணக்கம் சொல்லவில்லை. இது எவ்வளவு பெரிய குற்றம் என்று நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விழா நாளில் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் நடுவர் நடுவில், இரண்டு பக்கமும் மூவர் மூவர், ஓரத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் பித்தளை மணி, அதன் பின்னால் பட்டுப்புடவையில் நான். முதலில் பேசியவர் ஃபோனைத் திட்டினார். அடுத்தவர் அம்மாக்கள் வேலைக்குப் போவதைத் திட்டினார். சீரியல் பற்றி ஒரு ஜோக், சாம்பாரில் உப்பில்லாத ஜோக் ஒன்று, அங்கிருந்து ஒரே தாவலில் வகுப்பறையில் செத்துக் கிடந்த பிள்ளைகள், மறுபடி ஒரு ஜோக். கைதட்டல் எதற்கும் குறையவில்லை. மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டு மேசையில் சிவகௌரி அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பாரமான பாத்திரங்களைக் காரிலிருந்து தூக்கிவந்து வைத்துவிட்டு, துஷி அவர் பக்கத்தில் சுவரோரம் நின்றான்.

வீட்டு வளர்ப்பு அணியின் கடைசிப் பேச்சாளர் தேவராஜன் சார். உருக்கமாக ஆரம்பித்தார். பிறகு பட்டிமன்றக்காரர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தார், உள்ளூர் உதாரணம் ஒன்றை எடுத்தார். "எங்கயோ இருக்கிற நாட்டப் பத்தி ஏன் பேசணும்? நம்ம ஆக்லாந்துலயே ஒரு வீடு இருக்குங்க. பேர் சொல்ல மாட்டேன்." மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பேர் சொல்ல மாட்டேன் என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் காது எப்படித் திறந்துகொள்ளும் என்று தெரியாதா? "அம்மா விடியிறதுக்கு முன்னாடி வெங்காயம் கட்டப் போயிடறாங்க. பையன் ரூம் கதவு எப்பவும் சாத்தியே இருக்கு. கறுப்புச் சட்டை. வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்ல வாய் இல்ல. சாத்தின கதவுக்குப் பின்னாடி அவன் என்ன பண்றான், அந்தத் தாய்க்குத் தெரியுமா? நாளைக்கு நியூஸ்ல யார் முகம் வரும்?"

முன்வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. மேடையிலிருந்து பார்த்த எனக்கு எல்லாருடைய பின்னந்தலையும் தெரிந்தது. அவற்றைத் தாண்டி, கையில் இடியாப்பத் தட்டோடு அக்கா. துஷிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் மாட்டான். அவன் ஹூடியின் தொப்பியைத் தலையிலிருந்து மெல்லக் கீழே இறக்கினான். முகம் எல்லாருக்கும் தெரியட்டும் என்று இறக்கினானா, என்ன நினைத்து இறக்கினானோ, எனக்குத் தெரியாது.

நான் மணியை அடித்தேன். தேவராஜன் சார் திரும்பி, மேடைப் பழக்கத்தில், "மணி அடிச்சாலும் உண்மை உண்மைதாங்க" என்றார். சிரிப்பு. நான் மறுபடி அடித்தேன். நடுவர் குனிந்து, "மேடம், இன்னும் டைம் இருக்கே" என்றார். நான் நிறுத்தவில்லை. சிரிப்பு அடங்கியது, பிறகு முணுமுணுப்பும் அடங்கியது, மணிச்சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கை வலித்தது. தேவராஜன் சார் மைக்கை விட்டு நகர்ந்து தன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நிறுத்தினேன். "டைம் முடிஞ்சுபோச்சு" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. எனக்குக் கொடுத்திருந்தது மணிதானே, மைக் இல்லையே.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். வீடும் காரணம், வெளியுலகமும் காரணம், ஆனாலும் தாயின் மடிதான் முதல் பள்ளிக்கூடம் என்பதால் வீட்டு வளர்ப்பே. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். வரிசையில் நின்று, சிவகௌரி அக்கா கையாலேயே இடியாப்பம் வாங்கிக்கொண்டு, "தம்பி எப்பிடி இருக்கான்?" என்று விசாரித்தார்கள். அதுவரை ஒரு நாளும் விசாரிக்காதவர்கள். அக்கா ஒவ்வொருவருக்கும், "ஓம், நல்லா இருக்கிறான்" என்று சொல்லிச் சொதி ஊற்றினார். துஷி காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை வேலையிடத்தில் இதைப் பற்றி ஹெலனிடம் வாயைத் திறந்தேன். பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் நானும் அவளும் எதிரெதிர் மேசை. பண்ணையில் வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் துணி துவைக்கும் அறை அலமாரியில் முயல் சுடுகிற துப்பாக்கி பூட்டி இருக்கும் என்று, ஏதோ கடப்பாரை இருப்பதைச் சொல்வதைப் போல ஒரு தடவை சொன்னாள். எங்கள் விழாவில் இளைஞர் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் பேசினோம் என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது. நீங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது எவ்வளவு நல்ல விஷயம், எங்கள் ஆட்களுக்கு அது வராது, வெரி ஹீலிங் என்றாள். வட்டமாக உட்கார்ந்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துவிட்டாள் போல. அதில் ஜோக் உண்டு, தீர்ப்பு உண்டு, ஜெயித்த அணிக்குப் பொன்னாடை உண்டு என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வேன்? "யெஸ்" என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்தேன். நம்மவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வெள்ளைக்காரியிடம் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அப்படிப் பூசி மெழுகினதற்கு என்மேலேயே வந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

அந்த வாரக் கடைசியில் அக்கா ஃபோன் செய்தார். மண்டபத்தில் இருந்த யாரோ ஒருவர், நல்லெண்ணத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம், துஷியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று எங்கோ சொல்லியிருக்கிறார். சொன்னால் விசாரிக்கத்தான் செய்வார்கள், விசாரிக்கவும் வேண்டும். சீருடையில் போலீஸ் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

"நல்ல மரியாதையாத்தான் கதைச்சவங்கள் மீனா. சப்பாத்தையும் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவங்கள். நான் கதவத் திறந்தோன்ன முதல் அவங்கட இடுப்பைத்தான் பாத்தனான். துவக்கு இல்லை. அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது."

யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பேர். அக்கா தொடர்ந்தார். "அங்க ஊரில என்ர தம்பியைத் தேடி வீட்ட வந்தவங்களும் முதல் மரியாதையாத்தான் கதைச்சவங்கள். துவக்குக்குப் பயந்துதான் நான் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தனான். இப்ப என்ர பிள்ளையிட்ட துவக்கு இருக்கோ எண்டு கேக்கினம்."

அவர்கள் துஷியின் அறையைப் பார்த்திருக்கிறார்கள். ஹீட்டர், பாடப்புத்தகம், நாற்காலி முதுகில் காய்கிற காலுறை, அவன் அப்பாவின் படம். பிரச்சினை ஒன்றுமில்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மன்னிப்பை அவர்களாவது கேட்டார்கள்.

தேவராஜன் சாரை அழைத்தேன். "நான் பேரே சொல்லலையேம்மா" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பிறகு சொன்னார், "ஒரு உதாரணம்தானே. ஆனா நீங்களே யோசிங்க. எல்லா இடத்துலயும் நடந்த பிறகு, 'அமைதியான பையன், எங்களுக்குத் தெரியவே இல்ல'ன்னு சொல்றாங்க. முன்னாடியே சொன்னா அது தப்பா?"

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. நானும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா. மேசைக்கு அடியில் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தது என் பிள்ளை. ஆனால் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன் இரண்டு வருடமாகப் பேசாமல் இருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஒருத்தர் போய், வாடா கிரிக்கெட் பார்க்கலாம் என்று கூப்பிடவில்லை. "கவலைன்னா அவன் கதவத் தட்டி, சாப்பிட்டியாப்பான்னு கேட்டிருக்கலாம் சார். நீங்க மைக்குல கேட்டீங்க" என்றேன். "நான் வேணா போயி அவங்ககிட்ட பேசட்டுமா?" என்றார். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றேன். தனிமைப்படுத்துவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, சந்தேகப்படுவது என்று அந்த மேடையில் வெளியுலக அணி அடுக்கின காரணங்கள் அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் ஒரு பிள்ளைக்குச் செய்து முடித்துவிட்டுக் கேசரி சாப்பிட்டிருக்கிறோம். அவன் நல்ல பிள்ளை, அதனால் நாம் தப்பித்தோம். இதை எந்தச் சங்கத்து மலரில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை யாழினியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நுழைந்ததும் வழக்கத்தைவிடக் குளிராக இருந்தது. துஷியின் அறைக்கதவு முழுக்கத் திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பள்ளிக்கூடத்து ஷூ ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சூடு முழுக்க நடையில் வந்துகொண்டிருந்தது. அவன் ஜாக்கெட்டைப் போட்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, விரலை ஊதி ஊதி எழுதிக்கொண்டிருந்தான். கறுப்பு ஹூடியைக் காணோம்.

"ஏன் தம்பி, கதவச் சாத்திக்கோயேன், இப்படிக் குளிருதே" என்றேன்.

"இட்ஸ் ஓகே அன்ரி. திஸ் வே பீப்பிள் கேன் ஸீ" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, ஏதோ தீர்ந்துபோன விஷயத்தைப் போலச் சொன்னான்.

யாழினி என் கையை இழுத்து, "மம்மி, டோர் க்ளோஸ் பண்ணாத்தானே சேஃப்?" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், லாலியும் கொடுத்திருக்கிறார்கள். நான் குனிந்து அந்த ஷூவை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தின கையை உடனே எடுக்க முடியவில்லை. உள்ளே என்ன செய்கிறானோ என்று ஒரு நொடி மனசு கேட்டது. எல்லாம் தெரிந்த எனக்கே கேட்டது. தாழ்ப்பாளைக் கழற்றின வீட்டில் பிறந்தவள்தானே நானும்.

சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டடி வைத்திருப்பேன், பின்னால் கதவு திறந்தது. துஷி ஷூவை எடுத்து அதே இடத்தில் வைத்தான். என்னைப் பார்த்து, பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிய முறையில் இரண்டு கையும் கூப்பி, "வணக்கம் அன்ரி" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவன் அறையின் சூடும் அக்காவின் இடியாப்பச் சட்டியிலிருந்து வந்த ஆவியும் நடையில் நின்ற என்னைத் தாண்டி, நான் சாத்த மறந்திருந்த வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன.